புளித்த சோயா உணவும் உடற்பருமனும்: ‘தடுக்கும்’ என்ற சொல்லுக்கு ஆதாரம் எவ்வளவு?

அரைவட்டம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாட்டோ, டெம்பே, மிசோ போன்ற புளித்த சோயா உணவுகளை ‘புரோபயாட்டிக் சோயா’ என்ற ஒரே பெயருக்குள் அடைத்து, தினமும் சாப்பிட்டு வந்தால் உடல் பருக்காது என்று சொல்லும் கட்டுரைகளும் காணொளிகளும் சில மாதங்களாக என் கண்ணில் அடிக்கடி படுகின்றன. எனக்கு வயது நாற்பத்தொன்று. உடல் நிறை குறியெண் 26. என் தந்தைக்கும் அவருடன் பிறந்தவர்கள் மூவருக்கும் ஐம்பது வயதுக்குள்ளேயே உடற்பருமனும், அதன் பின்னாலேயே சர்க்கரை நோயும் வந்துவிட்டன. வந்த பிறகு குறைப்பதைப் பற்றி எழுதுபவர்கள் ஏராளம். நான் தேடுவது வராமல் தடுப்பதற்கான வழி.

இந்த உணவுகளில் உள்ள உயிருள்ள நுண்ணுயிரிகள்தாம் வேலை செய்கின்றனவா, அல்லது சோயாவே வேலை செய்கிறதா? புளிக்கவைக்காத சோயாக் கட்டியான டோஃபுவைச் சாப்பிட்டால் கிடைக்காத எது நாட்டோவில் கிடைக்கிறது? எலிகளை விட்டுவிட்டு மனிதர்களிடம் செய்த சோதனைகள் என்ன சொல்கின்றன? விளம்பரத் தொனி இல்லாமல் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நுண்ணுயிர்நேயன்

நண்பரே, முதலில் அந்தப் பெயரையே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் 2001இல் கூட்டிய வல்லுநர் குழு கொடுத்து, 2014இல் சிறிய திருத்தத்துடன் மீண்டும் உறுதி செய்யப்பட்ட வரையறையின்படி, புரோபயாட்டிக் என்பது போதிய அளவில் உட்கொள்ளப்படும்போது உடலுக்கு நன்மை தருகிற, உயிருள்ள நுண்ணுயிரி. உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவில் இருக்க வேண்டும், நன்மை தருவது நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். புளித்த உணவு என்பது இதிலிருந்து வேறானது. அங்கே நுண்ணுயிரி உணவை மாற்றியமைத்தால் போதும், நம் தட்டுக்கு வரும்போது அது உயிரோடு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஒரே கூரையின் கீழ் அடைக்கப்பட்டவை எவ்வளவு வேறுபட்டவை என்பது விளங்கும். நாட்டோவை உருவாக்குவது பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகை. அது வித்துகளை உண்டாக்கக்கூடியது. அந்த வித்துகள் வெந்நீரையும் இரைப்பை அமிலத்தையும் தாண்டிக் குடல்வரை போய்ச் சேரும். நாட்டோவைச் சமைக்காமலேயே சாப்பிடுவதால், ஒரு கிராமில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட உயிரிகள் உள்ளே போகின்றன. ஆகவே உயிரோடு வந்து சேர்வது என்ற ஒரு நிபந்தனையையாவது நாட்டோ தாராளமாக நிறைவேற்றுகிறது.

டெம்பேயின் கதை வேறு. அதைக் கட்டுவது ரைசோபஸ் என்ற பூஞ்சை. டெம்பேயைப் பெரும்பாலும் வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ பொரித்தோதான் உண்கிறார்கள், அப்போது பூஞ்சை செத்துவிடுகிறது. மிசோவில் கோஜி பூஞ்சையும் உப்பைத் தாங்கும் பாக்டீரியாவும் ஈஸ்டும் மாதக்கணக்கில் வேலை செய்தாலும், கொதிக்கும் சாற்றில் கரைத்தால் மிஞ்சுபவை மிகச் சில. சோயா சாஸ் பெரும்பாலும் புட்டியில் அடைப்பதற்கு முன்பே சூடாக்கப்பட்டுவிடுகிறது. இந்த நான்கையும் ‘புரோபயாட்டிக்’ என்று ஒரே மூச்சில் சொல்பவர், அவற்றைத் தயாரிப்பதையோ சமைப்பதையோ அருகிலிருந்து பார்த்ததில்லை என்றே நான் முடிவு கட்டுவேன்.

அடுக்களை ஆய்வாளர்

நுண்ணுயிர்நேயன் ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் உயிரோடு வந்து சேரவில்லை என்பதற்காக டெம்பேயைத் தள்ளிவிடலாகாது. இரண்டு ஆண்டுகளாக வாரம் ஒருமுறை வீட்டில் டெம்பே செய்து வருகிறேன். அந்தப் பூஞ்சை ஒன்றரை நாளில் செய்யும் வேலையைக் கண்ணால் பார்த்தவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

சோயா பீன்ஸை இரவு முழுவதும் ஊறவைத்து, தோலைக் கசக்கி நீக்கி, மெத்தென்று ஆகும்வரை வேகவைத்து, ஈரம் போகத் துணியில் பரப்பி, உடல் சூட்டுக்கும் சற்றுக் கீழே ஆறியதும் ஒரு கரண்டி வினிகரும் பூஞ்சைப் பொடியும் கலந்து, துளையிட்ட பைகளில் இரண்டு விரற்கடை கனத்துக்குத் தட்டி வைப்பேன். முதல் பன்னிரண்டு மணி நேரம் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். அதன்பின் பையைத் தொட்டால் கை சுடும். பூஞ்சை தானே வெப்பத்தை உண்டாக்கத் தொடங்கிவிடும். ஒருமுறை அதைக் கவனிக்காமல் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் நடுப்பையிலிருந்து அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தது, பயறுகள் கூழாகிக் கிடந்தன. அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று. சரியாக அமைந்தாலோ, முப்பது மணி நேரத்தில் வெண்பஞ்சு ஒவ்வொரு பயறையும் சுற்றிப் பின்னி, கத்தியால் சீவினால் உதிராத ஒரே பலகையாக்கிவிடும். அந்த நேரத்துக்குள் பூஞ்சையின் நொதிகள் புரதத்தின் ஒரு பகுதியைச் சிறு துண்டுகளாக வெட்டியிருக்கும்; இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் ஃபைட்டிக் அமிலம் குறைந்திருக்கும்; வயிற்று உப்புசத்துக்குக் காரணமான ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் ஆகிய சர்க்கரைகளும், ஊறலிலும் வேகவைத்த நீரிலும் போனவை போக, மேலும் குறைந்திருக்கும். பிறகு அதை வாணலியில் போட்டுப் பூஞ்சையைக் கொன்றாலும், இந்த மாற்றங்கள் எங்கும் போய்விடுவதில்லை.

எலிக்கூண்டு

ஆய்வகத்தில் சில ஆண்டுகள் எலிகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில், இந்த நம்பிக்கை எங்கிருந்து கிளம்பியது என்பதைச் சொல்கிறேன்.

2004இல் வெளியான ஓர் ஆய்வில், நுண்ணுயிர் அறவே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்குச் சாதாரண எலியின் குடல் நுண்ணுயிர்த் தொகுதியைக் கொடுத்தபோது, அவை முன்பைவிடக் குறைவாகத் தின்றும், இரண்டே வாரங்களில் உடற்கொழுப்பு 60 விழுக்காடு அளவுக்குக் கூடியது. 2013இல் இன்னும் நுட்பமான ஒன்று வந்தது: ஒருவர் பருமனாகவும் மற்றவர் மெலிந்தும் இருந்த இரட்டையர்களின் குடல் நுண்ணுயிரிகளைத் தனித்தனி எலிகளுக்கு மாற்றியபோது, பருமனானவரின் நுண்ணுயிரிகளைப் பெற்ற எலிகள் கூடுதலாகக் கொழுத்தன. இரு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டபோது மெலிந்தவரின் நுண்ணுயிரிகள் மற்ற எலிகளின் குடலிலும் குடியேறிக் கொழுப்பைத் தடுத்தன; ஆனால் கொழுப்புக் குறைவாகவும் காய்கனி நிறைவாகவும் உள்ள தீனி கொடுத்தபோது மட்டுமே அது நடந்தது. இந்தக் கடைசி வாக்கியத்தைக் காணொளிகளில் யாரும் சொல்வதில்லை. வந்தேறும் நுண்ணுயிரிக்குத் தீனி போடாவிட்டால் அது தங்காது.

குடல் பாக்டீரியா நார்ச்சத்தைச் சிதைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகிறது. அவை குடல் சுவரின் உணர்விகளைத் தொட்டு, பசியடக்கும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கத் தூண்டுகின்றன. எலிகளில் இந்தப் பாதை தெளிவாகத் தெரிகிறது. புளித்த சோயாவைக் கலந்த கொழுப்பு மிகுந்த தீனியைத் தின்ற எலிகள், கலக்காத தீனியைத் தின்றவற்றைவிடக் குறைவாகப் பருப்பதாகக் காட்டும் ஆய்வுகளும் பல உண்டு. அவற்றைப் படிக்கும்போது தீனியில் எத்தனை விழுக்காடு சோயா என்று முதலில் பாருங்கள். பத்து விழுக்காடு என்றிருந்தால், நாளொன்றுக்கு அரைக் கிலோ உலர் உணவு உண்ணும் மனிதருக்கு அது ஐம்பது கிராம் உலர்ந்த நாட்டோவோ, டோன்ஜாங் என்ற கொரியப் புளித்த சோயா விழுதோ ஆகும். ஈரத்தோடு கணக்கிட்டால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வரும். தினமும் அதைத் தின்ன யாருக்கும் துணிச்சல் வராது.

பருமனானவர்களின் குடலில் ஃபெர்மிக்யூட்ஸ் என்ற பாக்டீரியாப் பிரிவு கூடுதலாகவும் பாக்டீராய்டீட்ஸ் என்ற பிரிவு குறைவாகவும் இருக்கும் என்ற புகழ்பெற்ற விகிதத்தையும் இனி யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம். 2016இல் பத்து ஆய்வுகளின் மனிதத் தரவுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது, உடற்பருமனுக்கும் குடல் நுண்ணுயிர்த் தொகுதிக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியதாகவே தெரிந்தது.

அரைவட்டம்

மிக்க நன்றி. அப்படியானால் மனிதர்களிடம் செய்த ஆய்வுகளே இல்லையா?

தரவுப்பித்தர்

இருக்கின்றன, ஆனால் அவை என்ன கேள்வியைக் கேட்டன என்பதைப் பார்த்துவிட்டுத்தான் விடையைப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலானவை கொரியாவிலிருந்து வந்தவை. 2012இல் வெளியான ஒன்றில், உடல் எடை கூடுதலாக இருந்த 51 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 9.9 கிராம் உலர்த்திய டோன்ஜாங்கும் மற்றதற்குப் போலி மாத்திரையும் பன்னிரண்டு வாரங்கள் கொடுத்தார்கள். டோன்ஜாங் குழுவில் உடல் எடையும் உடற்கொழுப்பும் குறைந்தன, வயிற்றுக்குள் உறுப்புகளைச் சூழ்ந்திருக்கும் கொழுப்பின் பரப்பும் குறைந்தது. கொச்சுஜாங், சொங்குக்ஜாங் ஆகிய மற்றக் கொரியப் புளித்த சோயா உணவுகளைக் கொண்டும் இதே போன்ற பன்னிரண்டு வார அளவிலான சோதனைகள் நடந்துள்ளன. அவற்றில் சில அளவீடுகள் நகர்ந்தன, சில நகரவில்லை.

இந்த முடிவுகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஐம்பது பேர், பன்னிரண்டு வாரம், ஒரே நாடு என்பவற்றைச் சேர்த்துப் பாருங்கள். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: அவர்கள் அனைவரும் ஏற்கெனவே எடை கூடியவர்கள். இருக்கும் கொழுப்பு சற்றுக் குறைகிறதா என்பதே அங்கே கேட்கப்பட்ட கேள்வி. இன்னும் பருக்காத ஒருவர் பத்து ஆண்டுகள் கழித்தும் பருக்காமல் இருப்பாரா என்பது முற்றிலும் வேறு கேள்வி. தடுப்பு என்று சொல்ல வேண்டுமானால் ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். பன்னிரண்டு வாரச் சோதனையின் முடிவை எடுத்துத் ‘தடுக்கிறது’ என்று தலைப்புப் போடுவது, தீயை அணைக்க உதவிய வாளியைத் தீப்பிடிக்காத கூரை என்று விற்பதற்குச் சமம்.

ஒப்பீட்டுக்குப் பால் பொருளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். லாக்டோபேசில்லஸ் கேசெரி என்ற பாக்டீரியாவின் எஸ்பிடி2055 என்ற குறிப்பிட்ட ரகத்தைப் புளித்த பாலில் கலந்து, ஜப்பானில் 87 பேருக்குப் பன்னிரண்டு வாரங்கள் கொடுத்த ஆய்வு 2010இல் வந்தது. வயிற்று உள்ளுறுப்புக் கொழுப்புப் பரப்பு 4.6 விழுக்காடும் உடல் எடை 1.4 விழுக்காடும் குறைந்தன. எண்பது கிலோ எடையுள்ளவருக்கு அது ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அதே ரகத்தை 210 பேரிடம் சோதித்து 2013இல் வெளியான அடுத்த ஆய்வில், பாலை நிறுத்திய நான்கே வாரங்களில் பலன் மங்கத் தொடங்கியது. இங்கே பலன் தந்தது ஒரு ரகம். அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு ரகத்துக்கு அந்தப் பெருமையைக் கடன் கொடுக்க முடியாது. நாட்டோவுக்குச் சுத்தமாகவே கொடுக்க முடியாது.

கிழக்குவாசல்

நீங்கள் அனைவரும் நுணுக்கங்களுக்குள் போய்விட்டீர்கள். என் கேள்வி எளியது. ஜப்பானியர்கள் தலைமுறை தலைமுறையாக நாட்டோவும் மிசோவும் சாப்பிடுகிறார்கள். குறியெண் 30ஐத் தாண்டியவர்கள் அங்கே நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். இதைவிடப் பெரிய சோதனை எது வேண்டும்?

தரவுப்பித்தர்

அந்தச் சோதனையில் ஒப்பீட்டுக் குழு இல்லை, ஐயா. ஜப்பானியர்கள் மீன் சாப்பிடுகிறார்கள், சிறு கிண்ணங்களில் பரிமாறுகிறார்கள், இரயில் நிலையம்வரை நடக்கிறார்கள், பள்ளியில் திட்டமிட்ட மதிய உணவு உண்கிறார்கள். இவற்றில் எதை நாட்டோவின் கணக்கில் எழுதுவது? நாட்டோவே கிழக்கு ஜப்பானில் விரும்பி உண்ணப்படுவதும் ஒசாகா போன்ற மேற்குப் பகுதிகளில் பலருக்கு அறவே பிடிக்காததும் ஊரறிந்தது. மேற்கில் இருப்பவர்கள் எல்லோரும் பருத்துவிடவில்லை.

உங்கள் தருக்கத்தை இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். டெம்பே பிறந்த நாடு அது. ஏழையும் பணக்காரரும் அன்றாடம் உண்பது. அந்நாட்டின் தேசிய அடிப்படை நலவாழ்வுக் கணக்கெடுப்பில், குறியெண் 27ஐ எட்டிய வயதுவந்தோர் 2007இல் 10.5 விழுக்காடு, 2013இல் 14.8, 2018இல் 21.8. பதினொரு ஆண்டுகளில் இரண்டு மடங்கு. அந்தப் பதினொரு ஆண்டுகளும் டெம்பே தட்டில்தான் இருந்தது. பக்கத்தில் வந்து சேர்ந்தவைதாம் மாறின. நாட்டோ ஜப்பானியரைக் காத்தது என்றால், டெம்பே இந்தோனேசியரை ஏன் கைவிட்டது என்பதற்கும் நீங்கள் விடை சொல்ல வேண்டும்.

கிழக்குவாசல்

அந்தக் கணக்கு எனக்குப் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். இருந்தாலும் புளித்த சோயாவுக்கும் நீண்ட ஆயுளுக்கும் தொடர்பு இருப்பதாக ஒரு பெரிய ஆய்வு வந்ததே?

தரவுப்பித்தர்

வந்தது, 2020இல். ஜப்பானில் 45 முதல் 74 வயதுவரையிலான 92,915 பேரை ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். புளித்த சோயாவை மிகுதியாக உண்டவர்களிடம் இறப்பு அபாயம் பத்து விழுக்காடு அளவுக்குக் குறைவாக இருந்தது. மொத்த சோயா உணவைக் கணக்கில் எடுத்தபோது அந்தத் தொடர்பு காணப்படவில்லை. புளிக்கவைத்தலுக்கென்று தனியாக ஏதோ உண்டு என்று நினைக்கத் தூண்டும் முடிவு என்பதால் எனக்கும் அது பிடித்தமான ஆய்வு. ஆனால் அது அளந்தது இறப்பை, இடுப்புச் சுற்றளவை அன்று. கண்காணிப்பு ஆய்வாகையால் காரணத்தை நிறுவவும் செய்யாது. நாட்டோ விரும்பிகள் வேறு எவற்றையெல்லாம் சேர்த்துச் செய்கிறார்கள் என்பதைக் கணிதத்தால் ஓரளவுதான் கழிக்க முடியும்.

நுண்ணுயிர்நேயன்

புளிக்கவைத்தலுக்கென்று தனியாக என்ன உண்டு என்ற இடத்தில்தான் அரைவட்டம் கேட்ட டோஃபு கேள்விக்கும் விடை இருக்கிறது. சோயாவில் உள்ள ஐசோஃப்ளேவோன்கள் என்ற தாவரப் பொருள்கள் பெரும்பாலும் ஒரு சர்க்கரை மூலக்கூறைச் சுமந்துகொண்டிருக்கும். அந்தச் சுமையோடு அவை குடல் சுவரைக் கடப்பதில்லை. முதலில் சர்க்கரையை வெட்டியெறிய வேண்டும். புளிக்கும்போது நுண்ணுயிரிகளின் நொதிகள் அந்த வேலையை முன்கூட்டியே முடித்துவிடுகின்றன. டோஃபுவில் அது நம் குடலுக்கு விடப்படுகிறது. சர்க்கரை நீங்கிய வடிவம் விரைவாகவும் கூடுதலாகவும் உறிஞ்சப்படுகிறது என்று சில மனித ஆய்வுகளும், பெரிய வேறுபாடு இல்லை என்று வேறு சில ஆய்வுகளும் சொல்கின்றன.

அதற்குப் பிறகு நடப்பதுதான் சுவையானது. டைட்ஸீன் என்ற ஐசோஃப்ளேவோனைச் சிலருடைய குடல் பாக்டீரியா ஈக்குவால் என்ற, வீரியம் கூடிய பொருளாக மாற்றும். மற்றவர்களின் குடலுக்கு அந்தத் திறமை கிடையாது. மேற்கு நாட்டினரில் நூற்றுக்கு முப்பது பேர் அளவிலும், கிழக்காசியரில் ஐம்பது அறுபது பேர் அளவிலும் ஈக்குவால் உண்டாக்குகிறார்கள். ஆகவே ஒரே கிண்ண நாட்டோவை இருவர் பகிர்ந்து உண்டாலும், அவர்களின் இரத்தத்தில் சேர்வது ஒன்றாக இருப்பதில்லை. கொரியாவில் கண்ட பலனை வேறோர் இனத்துக்கு அப்படியே பெயர்த்து நடும்முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இறந்த நுண்ணுயிரிகளையும் அவற்றின் சிதைவுகளையும் பற்றி அடுக்களை ஆய்வாளர் அம்மா எழுப்பிய கருத்துக்கு இப்போது தனிப் பெயரே வந்துவிட்டது: போஸ்ட்பயாட்டிக். 2021இல் அதற்கும் வரையறை எழுதிவிட்டார்கள். அதிலும் நன்மை நிறுவப்பட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பெயர் மாறினாலும் தேர்வு எழுதாமல் தேற முடியாது.

உப்புக்கணக்கு

இவ்வளவு நீண்ட இழையில் உப்பைப் பற்றி ஒருவரும் பேசாதது வியப்பாக இருக்கிறது. மிசோவில் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காடு உப்பு. ஒரு மேசைக்கரண்டி மிசோ என்றால் பதினெட்டு கிராம்; அதில் மட்டும் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்லும் உச்சவரம்பு ஐந்து கிராம். டோன்ஜாங்கும் இதே குடும்பம். சோயா சாஸ் இன்னும் மோசம். கொச்சுஜாங்கில் அரிசியும் இனிப்பும் வேறு கலந்திருக்கும். எடையைக் குறைக்கப் புறப்பட்டு இரத்த அழுத்தத்தை வாங்கி வருவது என்ன கணக்கு? நாட்டோவும் டெம்பேயும் மட்டும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பிக்கின்றன. அவற்றை உப்பில்லாமலேயே புளிக்கவைக்கிறார்கள். நாட்டோவோடு வரும் சாஸ் பொட்டலத்தை முழுவதும் ஊற்றாமல் இருந்தால் அந்தத் தப்பித்தல் நிலைக்கும்.

மருந்துப்பெட்டி

மருந்தகத்தில் பணிபுரிபவள் என்பதால் ஒரு குறுக்கீடு. இழையின் போக்கைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் நாட்டோவைத் தொடவே கூடாது. நூறு கிராம் நாட்டோவில், இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே2 ஏறத்தாழ 1,000 மைக்ரோகிராம் இருக்கிறது; அந்த வடிவம் இரத்தத்தில் நாள்கணக்கில் தங்குவதால், ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு மறுநாள் மாத்திரையைச் சரியாகப் போட்டாலும் அதன் வேலை கெடும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் எந்தச் சோயா உணவையும் மாத்திரைக்குச் சில மணி நேரம் தள்ளியே உண்ண வேண்டும். நெடுநாள் புளித்தவற்றில் டைரமின் என்ற, இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடிய பொருள் சேர்ந்திருக்கும். மனச்சோர்வுக்கான எம்ஏஓ தடுப்பி (மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பி) வகை மருந்து எடுப்பவர்களுக்கு அது ஆபத்து. சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, புளித்தது என்பதால் எந்த விலக்கும் இல்லை.

அரைவட்டம்

மருந்துப்பெட்டி அக்காவுக்குச் சிறப்பு நன்றி. என் தந்தை வார்ஃபரின் எடுப்பவர், அவருக்கும் நாட்டோ வாங்கித் தரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை இன்றே கைவிடுகிறேன்.

இப்போது என் தலைக்குள் இருப்பது இதுதான்: நுண்ணுயிரியை நம்பி இவற்றைச் சாப்பிட வலுவான ஆதாரம் இல்லை, ஆனால் சாப்பிடவே கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. என் போன்றவருக்கு இவற்றால் எந்த வழியிலாவது பயன் உண்டா?

எலிக்கூண்டு

உண்டு; ஆனால் அது பரபரப்பான வழி அன்று. நூறு கிராம் டெம்பேயில் 190 கிலோ கலோரியும் பத்தொன்பது இருபது கிராம் புரதமும் இருக்கின்றன. நாட்டோவிலும் கிட்டத்தட்ட அதே கலோரி, சற்றுக் குறைவான புரதம், ஐந்து கிராம் அளவு நார்ச்சத்து. புரதம் தரும் ஆற்றலில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கு அதைச் செரிப்பதற்கே செலவாகிறது. மாவுச்சத்திலோ கொழுப்பிலோ இவ்வளவு போவதில்லை. புரதம் உண்டவருக்குப் பசியும் தாமதமாக வருகிறது. ஆகவே கொழுப்பு மிகுந்த இறைச்சியோ பதப்படுத்திய பண்டமோ இருந்த இடத்தில் டெம்பே உட்கார்ந்தால், மொத்த உணவின் கணக்கு உங்களுக்குச் சாதகமாக மாறும். இருக்கும் உணவின்மேல் அதையும் கூடுதலாக ஏற்றினால், புளித்த சோயாவிலிருந்து வந்த கலோரியும் கலோரிதான். எண்ணெயில் மூழ்கப் பொரித்தாலும் அப்படியே. டெம்பே எண்ணெயைக் குடிப்பதில் கெட்டிக்காரப் பண்டம்.

அளவை மனத்தில் இருத்த ஓர் ஒப்பீடு: எடை குறைக்கும் மருந்தான செமக்ளூடைடு ஊசியைச் சோதித்து 2021இல் வெளியான பெரிய ஆய்வில், 68 வாரங்களில் சராசரி எடை இழப்பு 14.9 விழுக்காடு, போலி ஊசி போட்டவர்களுக்கு 2.4. தரவுப்பித்தர் மேலே சொன்ன புளித்த பாலின் 1.4ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உணவு மருந்தாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மருந்தின் மொழியில் உணவை விற்கிறார்களே என்பதுதான் என் குறை.

தரவுப்பித்தர்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். புளித்த உணவுகளுக்குக் குடல்மீது உண்மையான விளைவு உண்டு என்பதை 2021இல் வெளியான ஒரு சோதனை காட்டியது: 36 பேரில் ஒரு பாதியினர் புளித்த உணவுகளையும் மறுபாதியினர் நார்ச்சத்தையும் பத்து வாரங்கள் கூட்டி உண்டபோது, புளித்த உணவுக் குழுவில் குடல் நுண்ணுயிரிகளின் பன்மை கூடியது, அழற்சியோடு தொடர்புடைய 19 புரதங்கள் இரத்தத்தில் குறைந்தன. அழற்சி உடற்பருமனோடு பின்னிப் பிணைந்தது என்பதால் இது கவனிக்கத்தக்கது. ஆனால் அந்த உணவுகள் தயிர், கெஃபிர், கிம்ச்சி, கொம்புச்சா போன்ற பல. சோயாவின் புகழாக அதை மாற்றிச் சொல்ல முடியாது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தயிர்ப் பாக்டீரியா பால் சர்க்கரையைச் செரிக்க உதவும் என்ற ஒன்றைத் தவிர, தன்னிடம் வந்த புரோபயாட்டிக் உரிமைகோரல்களை வரிசையாகத் திருப்பி அனுப்பியதையும் நினைவில் கொள்ளுங்கள். உடல் எடை அந்த விதிவிலக்கில் இல்லை.

அரைவட்டம்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நாட்டோவை ஒருமுறை வாங்கிக் கிளறிப் பார்த்தேன். அந்தப் பிசின் நூல் கரண்டியிலிருந்து கிண்ணம்வரை நீண்டு, காற்றில் மிதந்து, மீசையிலும் ஒட்டிக்கொண்டது. இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை. ஆகவே வாரத்தில் நான்கு நாள் இரவு உணவில் இறைச்சிக்குப் பதிலாக டெம்பே என்று வைத்துக்கொண்டேன். எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவிய கல்லில் வாட்டுகிறேன். எடையை மாதம் ஒருமுறை மட்டும் பார்ப்பதாக உத்தேசம்.

நேற்று முதன்முறையாக நானே செய்தேன். பலகை நன்றாகக் கட்டியிருக்கிறது; ஆனால் பையின் துளைகள் இருந்த இடங்களிலெல்லாம் சாம்பல் நிறமாகவும் ஓரிரு இடங்களில் கறுப்பாகவும் இருக்கிறது. தூக்கிப் போட வேண்டுமா, அடுக்களை ஆய்வாளர் அம்மா?

அடுக்களை ஆய்வாளர்

போட வேண்டாம், தம்பி. காற்று மிகுதியாகப் பட்ட இடத்தில் பூஞ்சை வித்து விட்டிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த முறை துளைகளைச் சிறிதாக்கி, நான்கைந்து மணி நேரம் முன்பே எடுத்துவிடுங்கள். இளஞ்சிவப்போ பச்சையோ தெரிந்தாலும், தொட்டால் வழுவழுத்தாலும், அம்மோனியா நெடி அடித்தாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். முகர்ந்தால் பச்சைக் காளான் வாசம் வருகிறதா? அப்படியானால் இன்றிரவே கல்லில் போடலாம்.